அக்கா வாயில் இருந்த கிளிப்

மாமா, அதாவது அக்கா புருஷன், என் அக்காவை மொட்டைமாடியிலிருந்து தள்ளியதை நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. அக்கா செத்துப்போனாள். அந்த ஆளை இன்னமும் என் வாய் மாமா என்றுதான் சொல்கிறது. என்ன வாயோ!

கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஆடுகோடிக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்குக் கன்னடம் அரைகுறை. தமிழில் சொன்னால் கோர்ட்டில் எவன் மதிப்பான் என்று அப்பாவுக்குப் பயம். லேத் பட்டறையில் கற்ற கன்னடத்தில் சாட்சியத்தை அவரே கட்டி, தினமும் சோற்றுக்கு முன்னால் என்னை ஒப்பிக்க வைத்தார்.

“அக்கா துணி காயப்போட்டுட்டு இருந்துச்சுப்பா. வாயில கிளிப்ப கடிச்சிருந்துச்சு. அதான் கத்தவே இல்ல.”

“கிளிப்பு கதையெல்லாம் ஜட்ஜுக்கு எதுக்கு? சிரிப்பாங்க. சொல்லிக்குடுத்தத மட்டும் சொல்லு, கண்ணு.”

பொய் சொல்லலாமா என்று கோர்ட்டில் ஜட்ஜ் கேட்டார். கூடாது என்றேன். பிறகு பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மாதிரி கைகட்டி நின்று, கன்னடத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

மாமாவின் வக்கீல் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். தமிழில் பேசினார். அந்த அறையில் கேட்ட முதல் தமிழ் அதுதான். எனக்கு உயிர் வந்தது.

“சூப்பரா சொன்னியேம்மா! யாரு கத்துக்குடுத்தாங்க?”

“எங்கப்பா.”

“நடுவுல மறந்துட்டா?”

“மறுபடி மொதல்லேர்ந்து சொல்லணும்.”

“எங்க, இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னேன். ஒரு வார்த்தை மாறவில்லை. ஜட்ஜ் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். உன் பாஷையில், நீ பார்த்ததைச் சொல் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எங்கள் பக்கம் பேசிய அரசு வக்கீலும் கேட்கவில்லை. குழந்தை சாட்சியைக் கவனமாக எடைபோட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதாம். எடைபோட்டார்கள். சொல்லிக்கொடுத்த சாட்சி, நம்ப முடியாது என்று தீர்ப்பு வந்தது. மாமா வீட்டுக்குப் போனார்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. அப்பா முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்திருந்தார்.

“நல்லா சொன்னேனாப்பா?”

“நல்லா சொன்ன, கண்ணு.”

அவர் குரல் சரியில்லை. எங்கேயோ ஒரு வார்த்தையை நான் விட்டுவிட்டதாக அவர் நினைக்கிறார் போலிருந்தது. அவர் நம்ப வேண்டுமே என்று, ஆடுகோடி வருவதற்குள், முழுக்க இன்னொரு முறை ஒப்பித்துக் காட்டினேன்.