சோற்றுக் கூடையை விட்டு விலகியவள்

ஓன்சி விற்கிற சோற்றை ஓன்சியே தின்பதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் கறிக்கடைத் திப். மாட்டு ஈரலை அறுத்துக்கொண்டே அடுத்த வீட்டுக் கதையையும் அறுக்கிற கை அவளுக்கு. மேக்கோங் ஆற்றோரத்துப் பேருந்து நிலையச் சந்தையில் எந்தச் சேதியும் அவளுக்குத் தெரியாமல் போனதில்லை.

"ஓன்சி அக்கா, உங்க சோத்துல மருந்து கிருந்து வச்சிருக்கீங்களா? ஊருக்கே போடுறீங்க, நீங்க மட்டும் வாயில வைக்க மாட்டேங்குறீங்க?"

"வயசாச்சுடி. வயித்துக்குச் சேரல."

"லாவோக்காரிக்கு ஒட்டரிசி சேரலையா? நல்லா இருக்கே கதை! மீனுக்குத் தண்ணி சேரலன்னு சொல்வீங்க போல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஓன்சியும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது? சிரிக்காமல் இருந்தால் அதற்கும் ஒரு காரணம் கேட்பார்கள்.

இருபது வருஷமாக அந்தச் சந்தையில் ஓன்சிக்கு ஒட்டரிசிச் சோற்று வியாபாரம். இரவே ஊறப்போட்டு, விடிவதற்குள் மூங்கில் கூம்பில் ஆவி கட்டி, சூடு ஆறாமல் கூடையில் அடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். பக்கத்துக் கடை மாலிவானுடையது. சுட்ட மீனும் மிளகாய்த் துவையலும் விற்பாள். ஓன்சியைவிட நாலைந்து வயது மூத்தவள். முதல் பேருந்து கிளம்பியதும் ஓன்சியின் சோற்றுக் கூடையும் மாலிவானின் துவையல் கிண்ணமும் நடுவில் வந்து உட்காரும். ஒரு கிள்ளு எடுத்து, விரலால் உருட்டி, துவையலில் தொட்டு வாயில் போடுவார்கள். ஒருத்தியின் உருண்டையிலிருந்து உதிர்ந்த பருக்கையை இன்னொருத்தி பொறுக்கித் தின்பாள். புருஷன் இறந்தபோதும், மகள் வேலைக்கென்று ஆற்றைத் தாண்டி பாங்காக் போனபோதும், அந்தக் கூடைக்கு எதிரே உட்கார்ந்துதான் ஓன்சி அழுது தீர்த்தாள்.

அந்தக் கூடையை விட்டுத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுந்து போனாள்.

காரணத்தை எப்படிச் சொல்வது? ஓன்சி பெற்றது மூன்று. கடைசிப் பிள்ளை பெரிய தலையோடு வந்தது. பிள்ளை பெற்றவள் அந்த ஊர் வழக்கப்படி நெருப்பருகே படுத்துக் கிடக்க வேண்டிய நாட்களை முழுசாக முடிக்காமல் எழுந்து, சோற்றுப் பானையைத் தூக்கியவள் அவள். அப்போது ஒன்றும் தெரியவில்லை. வயது ஏற ஏறத்தான் உடம்பு பழைய கணக்கை எடுத்து நீட்டியது. போக வேண்டும் என்று தோன்றும், உட்கார்ந்தால் வராது. முக்கினால் முன்பக்கத்தில் என்னவோ புடைத்துக்கொண்டு இறங்கும், வர வேண்டியது மட்டும் வராது. பாதி வந்து பாதி நின்றுவிட்டால் நாள் முழுக்க இடுப்புக்குக் கீழே கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருக்கும்.

சந்தைக் கழிப்பறையோ ஒன்றே ஒன்று. தகரக் கதவு, தாழ்ப்பாள் கிடையாது, வெளியே வரிசை. உள்ளே போனவள் கொஞ்சம் தாமதித்தால் "தூங்கிட்டியா?" என்று கதவைத் தட்டுவார்கள். அதனால் ஓன்சி அடக்கினாள். வருகிற நேரத்தில் அடக்கி, வராத நேரத்தில் முக்கி, அடக்க அடக்க இறுகிப்போய், இறுக இறுக இன்னும் முக்கினாள்.

ஒருநாள் கழுவும்போது தற்செயலாக இடக்கைக் கட்டைவிரல் முன்பக்கத்துப் புடைப்பை அமுக்கியது. அமுக்கியதும் வந்துவிட்டது. ஒரு கணம் உயிர் திரும்பிய மாதிரி இருந்தது, மறுகணம் தன் மேலேயே அருவருப்பு வந்தது. உலகத்தில் எந்தப் பெண்ணாவது இப்படிச் செய்வாளா என்று நினைத்தாள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சந்தைக்குப் போனவள், அன்று கூடைக்குள் கைவிடக் கூசினாள். சாப்பிடுவது வலக்கை, அமுக்கியது இடக்கை. ஆனாலும் கூசியது.

பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நல்லவேளை, டாக்டர் ஒரு பெண். கேட்க வேண்டியதை முகம் சுளிக்காமல் கேட்டாள், சோதித்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. புள்ள பெத்ததுல உள்ள இருக்குற சுவர் தளர்ந்துபோச்சு. பழைய கொசுவலை தொங்குமே, அது மாதிரி. மலம் நேரா வராம அந்தத் தொங்கலுக்குள்ள போய் மாட்டிக்குது. நீங்க முக்க முக்க அது இன்னும் பெருசாகும்."

"அப்ப என்ன பண்றது?"

"முக்கவே கூடாது. வயித்துல இருக்கறது மெத்துனு இருக்கணும். ஒட்டரிசியக் குறைங்க. கைக்குத்தல் அரிசில கஞ்சி வைங்க, கீரை, பழுத்த பப்பாளி, ஊறவச்ச சப்ஜா விதை சாப்பிடுங்க. தண்ணி நெறைய குடிங்க, தண்ணியில்லாம இதெல்லாம் தின்னா இன்னும் அடைக்கும். காலையில எழுந்ததும் வெந்நீர் குடிச்சு, ஏதாவது சாப்பிட்டுட்டு, உடம்பு கூப்பிடுறப்பப் போங்க. அடக்காதீங்க. வரலைன்னா எழுந்து வந்துடுங்க, அங்கயே குந்திக்கிட்டு இருக்காதீங்க. இதுக்கும் சரியாகலைன்னா தையல் போடுறது இருக்கு. அத அப்புறம் பாப்போம்."

ஓன்சி கிளம்ப எழுந்தவள், கதவருகே நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு அந்தக் கட்டைவிரல் விஷயத்தைச் சொன்னாள்.

"அது தப்பே இல்லம்மா. நாங்களே அப்படித்தான் சொல்லிக்குடுக்குறோம். சுத்தமா கை கழுவுங்க, நகத்த ஒட்ட வெட்டுங்க, மெதுவா அமுக்குங்க. அவ்வளவுதான்."

திரும்பி வரும் பேருந்தில் ஓன்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். துக்கத்தால் அல்ல.

சொன்னபடியே செய்தாள். வெந்நீர், கஞ்சி, பப்பாளி, பிறகு வீட்டுக்குப் பின்னால் வாழைமரத்தடிக் கழிப்பறையில் அவசரமில்லாமல் கொஞ்ச நேரம். சில நாள் தானாகவே ஆகிவிடும், சில நாள் கட்டைவிரல் வேண்டியிருக்கும். உடம்பு லேசானது. ஆனால் அதற்கொரு விலை இருந்தது. விடியலில் கடை திறந்தவள் வெயில் ஏறியபின் வந்தாள், முதல் பேருந்துக்காரர்கள் கைவிட்டுப் போனார்கள். சாப்பாடு தூக்குப் பாத்திரத்தில், தனியாக.

மாலிவானிடம், "வயிறு சரியில்லக்கா, இனிமே எனக்குக் கஞ்சிதான்," என்று மட்டும் சொன்னாள். மாலிவான் அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். "சரி," என்றாள். ஒரு பிடி சோற்றைக் காசு கொடுத்து வாங்கி, தன் பக்கம் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி தின்றாள். அதற்கு முன் அவள் ஓன்சிக்குக் காசு கொடுத்ததே இல்லை.

ஓன்சி கஞ்சியோடு சேர்த்து அதையும் முழுங்கினாள். சொல்லியிருக்கலாம். ஆனால் கையால் உருட்டித் தின்கிற ஊரில், கையைப் பற்றிய அந்தப் பேச்சை எந்த வாயால் எடுப்பது?

தனியாகத் தின்கிறவளை அந்த ஊர் சும்மா விடாது. அந்த வருஷம் மழைக்காலத்தில் நாலைந்து வீட்டுக் கோழிகள் செத்தன. பேருந்து ஓட்டுநர் ஒருவனுக்கு வயிற்றைப் பிசைந்தது. திப் கடையில் ஒரு துண்டு ஈரல் காணாமல் போனது. நாய் தின்றிருக்கும். ஆனால் நாய் மேல் கதை கட்ட முடியாதே.

"நான் யாரையும் சொல்லலப்பா," என்று ஆரம்பித்தாள் திப். "ஒருத்தங்க கூட்டத்தோட சாப்பிடாம ஒதுங்கி ஒதுங்கிச் சாப்பிடுறாங்க, யார் மூஞ்சியையும் பார்க்குறதில்ல, காலையில கக்கூஸுக்குள்ள போனா வெளிய வர மாட்டேங்குறாங்களாம். அதுக்கு என்ன பேருன்னு உங்களுக்கே தெரியும்."

பொப் என்று பெயர். மனுஷ உடம்புக்குள் புகுந்து, அக்கம்பக்கத்தார் குடலைத் தின்கிற பேய். அந்தக் காலமாக இருந்தால் வீட்டைக் கொளுத்தி ஊரை விட்டே துரத்தியிருப்பார்கள். இப்போது நாகரிகம் வந்துவிட்டது, சோறு வாங்குவதை மட்டும் நிறுத்தினார்கள். மத்தியானம் வரை கூடையில் சோறு காய்ந்து விறைத்துக் கிடந்தது. எதிரே வந்த பெண்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு வாக்கியத்தில் ஓன்சி அதை முடித்திருக்கலாம். ஆனால் என்ன வாக்கியம் அது! திப் அதைக் கறியோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி ஊருக்கே விற்பாள். பேய் என்றால் பயப்படுவார்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஓன்சி யோசித்துப் பார்த்து, பேயாகவே இருந்துவிட்டாள். ராத்திரியில் மகள் தொலைபேசியில் "சாப்டியாம்மா? யார்கூட சாப்ட?" என்று கேட்கும்போது, "மாலிவான் அக்காகூடத்தான்," என்று பொய் சொன்னாள்.

மாலிவான் மகனுக்குக் கல்யாணம் வந்தது. அவளே வீடு தேடி வந்து அழைத்தாள்.

"நீ வரணும். வந்து எல்லாரோடவும் உக்காந்து சோறு தின்னணும். அப்பத்தான் இவளுங்க வாய அடைக்க முடியும். உன்ன அப்படிப் பேசுறத என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியலடி."

ஓன்சி போனாள். எல்லாருக்கும் பொதுவான சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது, மாலிவான் வந்து தொப்பென்று ஒரு பக்கம் உட்காரும்வரை. ஓன்சி கூடைக்குள் கைவிட்டாள். பந்தியே அவள் கையைப் பார்த்தது. ஒரு கிள்ளு, ஒரு உருண்டை, துவையல். இரண்டு வருஷத்து ருசி நாக்கில் ஏறியது. தின்றாள், இன்னும் தின்றாள். கடைசியில் திப்பே பீர் ஊற்றிக் கொடுத்து, "இன்னொரு உருண்டை போடுங்கக்கா, ஒல்லியாயிட்டீங்க," என்றாள். ஒருத்தி வந்து மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, உயிர் உடம்பிலேயே தங்கட்டும் என்று வாழ்த்தினாள். ஓன்சிக்கு அன்று பிடிபடாத சந்தோஷம்.

மறுநாள் சந்தையில் சோறு மத்தியானத்துக்குள் தீர்ந்தது. விடியலிலேயே கடை திறந்திருந்தாள். கூடைக்கு எதிரே மாலிவானோடு உட்கார்ந்து தின்றாள். அதற்கடுத்த நாளும் தின்றாள். வயிறு கனத்தது, கீழே இறுகியது. பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கினாள்.

அதற்கப்புறம் வந்த காலையில் கடை திறக்கவில்லை. வெயில் நன்றாக ஏறியபோது மாலிவான் தேடிக்கொண்டு வந்தாள். வீட்டில் ஆளில்லை. கொல்லைப்பக்கம் வாழைமரத்தடியில் தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து முனகல் கேட்டது.

"ஓன்சி! உள்ள நீதானே?"

"போயிடுங்கக்கா."

"போக மாட்டேன். என்னடி ஆச்சு? கதவத் தொற."

"தொறக்க முடியாது. கால்ல விழுந்து கும்பிடுறேன், போயிடுங்க."

"நீ சொல்ற வரைக்கும் நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்," என்று சொல்லி, மாலிவான் நிஜமாகவே வெளியே மண்ணில் உட்காரும் சத்தம் கேட்டது.

ஓன்சிக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டாள். கதவு நடுவில் இருந்ததால் சொல்ல முடிந்தது. பிள்ளை பெற்றதிலிருந்து ஆரம்பித்து, சுவர் தளர்ந்தது, பை மாதிரி தொங்குவது, டாக்டர் சொன்ன கஞ்சி, பப்பாளி, கூடையிலிருந்து எழுந்து போனது, விரலால் அமுக்குவது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

வெளியே சத்தமில்லை. போய்விட்டாள் என்று ஓன்சி நினைத்தாள். இனிமேல் அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

"கட்டவிரலா, சுட்டுவிரலா?" என்றாள் மாலிவான்.

"என்னது?"

"எந்த விரல வச்சு அமுக்குற? எனக்குக் கட்டவிரல்தான் தோதா இருக்கு. நாலாவது புள்ளைக்கு அப்புறம் ஆரம்பிச்சது. எத்தன வருஷம் ஆச்சோ."

"அக்கா... அப்ப ஏன் தெனமும் அந்தச் சோத்தத் தின்னீங்க?"

"சோத்தாலதான்னு எனக்கு எவ சொன்னா? வேற எதாலயோன்னு நெனச்சேன். நீ கூடைய விட்டு எந்திரிச்சப்ப, என் கை உனக்கு அருவருப்பாப் போச்சு, எப்படியோ கண்டுபிடிச்சுட்டன்னு நெனச்சேன்டி. அதான் ஒண்ணும் கேக்கல."

தகரக் கதவின் மறுபக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ரெண்டு வருஷம்," என்றாள் மாலிவான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் உன்கூட உக்காந்து கஞ்சி குடிச்சிருப்பேனே."