கன்னியாவில் ஒட்டிய பொட்டு

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறோம் என்று அம்மா சொன்னதும் நான் உல்லாசப் பயணம் என்று நினைத்துவிட்டேன். எட்டு வயதுப் புத்தி. அழுது அடம்பிடித்து ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டும் வைத்துக்கொண்டேன். சித்தப்பா துறைமுகத்து வேலைக்குப் போகிற வழியில் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டு அப்போது ஒரு வருசம். ஆளும் இல்லை, தகவலும் இல்லை. செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்ய எங்கள் சனம் கன்னியாவுக்குத்தான் போகும். அவருக்கும் செய்துவிடுவோம் என்று பெரியவர்கள் முடிவெடுத்ததை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கொஞ்சத் தூரம்தான். அதற்குள் மூன்று இடத்தில் பஸ்ஸால் இறக்கி, சோதித்து, நடக்கவிட்டார்கள். போய்ச் சேரவே எல்லாருக்கும் பாதிச் சீவன் போய்விட்டது.

அங்கே ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. நான் காலை மட்டும் நனைத்துக் கத்திக்கொண்டு ஓடினேன். சித்தி ஏழிலும் அள்ளித் தலையில் ஊற்றினா. ஒரு சத்தம் இல்லை. அவவின் பொட்டு தண்ணீரோடு போய்விட்டது.

ஐயர் கும்பம் வைத்து, சித்தப்பாவின் தமையனான பெரியப்பாவுக்குத் தர்ப்பை போட்டார். சித்தி ஈரச் சேலையோடு வந்து பக்கத்தில் இருந்தா. அந்த வெறும் நெற்றியைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என் பொட்டைக் கழற்றி அவவுக்கு ஒட்டிவிட்டேன்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தா.

"அதைக் கழட்டும் பிள்ளை," என்றார் பெரியப்பா சித்தியிடம்.

சித்தி உள்ளங்கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டா. "ஏலாது அத்தான். நாளைக்கு அவர் வந்தால் நான் என்னெண்டு முன்னால நிக்கிறது?"

"ஒரு வருசமா நான் போகாத முகாம் இல்லை. எனக்கும் களைச்சுப் போச்சு," என்றார் அவர். அதில் கோபமே இல்லை. தர்ப்பையைக் கழற்றி வைத்தார்.

திரும்பும்போதும் அதே மூன்று இடத்தில் இறங்கி நடந்தோம்.

சித்திக்கு அப்போது இருபத்தாறு வயது. அன்றைக்குக் கிரியை முடிந்திருந்தால் பொட்டு போயிருக்கும். ஆனால் துக்கமும் ஒருநாள் ஆறி, வேறு கலியாணம் பேசியிருக்கலாம் என்று அம்மா இன்றும் சொல்லுவா. சித்தப்பா வரவில்லை. சித்திக்குத் தலை நரைத்துவிட்டது. யாராவது வாசல் படலையைத் திறந்தால் முதலில் எழும்புவது அவதான்.

அன்றைக்கு நான் பஸ்ஸில் அவவின் மடியில் இருந்து, முதுகு எரிய எரிய, நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டு வந்தேன். என் பொட்டு அவவுக்கு நல்ல வடிவாய் இருந்தது.