நாற்பது மீட்டரில் நின்ற கிடாய்

என் மகள் காவ்யா வில்லோடு வேட்டைக்குப் போகிறவள் என்பதை நாங்கள் இருக்கும் மவுண்ட் ரோஸ்கில்லில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. நாங்கள் மச்சம் மாமிசம் சாப்பிடாத குடும்பம். "உனக்கு ஈவிரக்கமே இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பது குறைந்துவிட்டது.

போன இலையுதிர் காலத்தில் அவளே வந்து, "ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா" என்றாள். ஹுனுவா மலையடியில் இருக்கும் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனாள். காட்டாடுகள் மரக்கன்றுகளைத் தின்று தீர்ப்பதால், பண்ணைக்காரர் அவளை வேட்டைக்கு வரச் சொல்லியிருந்தார்.

வெகுநேரம் புதர்ப் பற்றைக்குள் பதுங்கியிருந்தோம். கடைசியில் ஒரு கிடாய் வெளியே வந்து நின்றது. காவ்யா தூரம் அளக்கும் கருவியால் பார்த்தாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அம்பு பாயும் சத்தம் வரவேயில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் வில்லை இறக்கியிருந்தாள். கிடாய் அவசரமில்லாமல் ஆறுதலாகக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஏன் பிள்ளை அம்பு விடேல்லை?"

"நாற்பது மீட்டர் அம்மா, டூ ஃபார். எனக்கு இருபத்தஞ்சுக்குள்ளதான் ஷுவர். அம்பு வயித்தில பட்டா, அது ஓடிப்போய்த் துடிச்சுத் துடிச்சுச் சாகும்."

"இவ்வளவு நேரம் காத்திருந்தது வீணாப் போச்சே?"

"பரவாயில்லை. இன்னும் பிராக்டிஸ் பண்ணோணும்."

"ஈவிரக்கம் இல்லையோ எண்டு நான் உன்னைக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். வீடு வரும் வரைக்கும் வாய் ஓயாமல் கதைத்தாள்.

வேட்டை எனக்கு இன்னும் பிடிக்காது. ஆனால் தன்னால் எது முடியாது என்று தெரிந்து கையை இறக்குகிற பிள்ளையை, இனி எங்கே தனியாக அனுப்பவும் எனக்குப் பயமில்லை.