சரோஜா மிஸ்ஸியும் ஒரு காலிக் கட்டமும்

சரோஜா மிஸ்ஸி காலமான செய்தி எனக்குச் சௌரஸ்தா மார்க்கெட்டில், மீன் கடைக்கு முன்னால் கிடைத்தது. சொன்னவர் மருத்துவமனைச் சலவைப் பகுதியிலிருந்து ஓய்வு பெற்ற முனியாண்டி. "கிராணி, விஷயம் தெரியுமா? நம்ம மிஸ்ஸி போயிட்டாங்க லா. காலையில பசியாறிட்டு நாற்காலியில உட்கார்ந்தவங்க, அப்படியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார். எடை போட்டு வாங்கிய மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அந்தக் கட்டம் காலியாகவே போய்விட்டதே என்றுதான் தோன்றியது. இந்த நேரத்திலும் பாரத்தை, அந்தப் படிவத்தைப் பற்றி நினைக்கிறாயே, நீயெல்லாம் ஒரு மனிதனா என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காக இரண்டு வரி. இந்தத் தீவில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் ஏறக்குறைய முப்பது வருடம் உதவித் தாதியாக இருந்தவர். தாதியரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். நான் அங்கே அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஊழியர்களின் சேவைப் பதிவேடுகள் என் மேசையில் இருந்தன. யார் எப்போது சேர்ந்தார், கல்யாணம் ஆனவரா, பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். வருமான வரியும் ஓய்வூதியமும் அதைப் பார்த்துத்தான் நடக்கும். தலையெழுத்து மாதிரி என்று வையுங்கள். எழுதியவன் மட்டும் பிரம்மா இல்லை, என்னைப் போல ஒரு முசுடு.

அந்தக் காலத்தில் கல்யாணமான பெண்ணுக்கு அரசாங்கத்தில் நிரந்தர வேலை கிடையாது. தாலி ஏறினால் பதவி இறங்கிவிடும். தற்காலிக ஊழியர் என்று மாற்றிவிடுவார்கள், ஓய்வூதியமும் போய்விடும். அதனால் எங்கள் பெண்கள் சிலர் ஒரு வழி வைத்திருந்தார்கள். கோயிலில் கல்யாணம், பதிவு கிடையாது. வேலைக்கு வரும்போது தாலிக்கொடியை உள்ளாடையோடு சேர்த்து ஊக்கு குத்திவிடுவார்கள். வெள்ளை யூனிபார்முக்கு மேல் எதுவும் தெரியாது. இது எனக்கு என் மனைவி சொல்லித் தெரியும்.

சரோஜா மிஸ்ஸிக்கும் துறைமுகத்தில் வேலை பார்த்த செல்லையாவுக்கும் தண்ணீர்மலைக் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. நான் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன். திங்கட்கிழமை அவர் வருடாந்தரப் பாரத்தோடு என் மேசைக்கு வந்தார். "அண்ணே, பழையபடியே அடிச்சிடுங்க" என்றார். திருமணமாகாதவர் என்று நான் டைப் அடித்தேன். அதை நாங்கள் யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஒருவருக்கொருவர் செய்யும் ஒத்தாசை என்றுதான் நினைத்தோம். வார்டு மேட்ரனுக்கும் தெரியும், சமையற்காரருக்கும் தெரியும். பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியாது.

அடுத்த வருடம் அவருக்குப் பிள்ளை தரித்தது. ஆறாம் மாதம் வரை பெரிய அளவு யூனிபார்ம் போட்டுச் சமாளித்தார். அப்புறம் முதுகுவலி என்று சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தைப்பிங்கில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போனார். பெண் பிறந்தது. மல்லிகா என்று பெயர் வைத்தார்கள். பிறப்புப் பத்திரத்தில் தாய் என்ற இடத்தில் நாத்தனாரின் பெயரைப் போட்டார்கள். வேலை நிலைக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். பிள்ளைக்கு இரண்டு காலும் வலுவில்லை, கையும் நடுங்கும் என்பது ஒரு வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், பிள்ளை பிறந்து கொஞ்ச காலத்தில் விதியையே மாற்றிவிட்டார்கள். கல்யாணமான பெண்களும் நிரந்தரமாக இருக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. உண்மையைச் சொல்லித் தற்காலிகமாகப் போனவர்கள் நிரந்தரமானார்கள். பொய் சொல்லி நிரந்தரமாக இருந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோலப் பெரிய கிராணியிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஃபால்ஸ் டிக்ளரேஷன். சொன்னவளும் போவா, டைப் அடிச்சவனும் போவான். யாருக்குய்யா கேக்குற?" என்றார். யாருக்கும் இல்லை சார் என்றேன். மிஸ்ஸியிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "சரி விடுங்க அண்ணே. நான் கன்னியாவே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

மல்லிகாவுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது காலில் ஓர் அறுவை சிகிச்சை. எங்கள் மருத்துவமனையில்தான். சம்மதப் பாரத்தில் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டும். பத்திரத்தின்படி மிஸ்ஸி அந்தப் பிள்ளைக்கு மாமி, செல்லையா தாய்மாமன். தைப்பிங்கிலிருந்து நாத்தனார் ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறி, வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை மிஸ்ஸி யூனிபார்மோடு பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். பிள்ளை "அம்மா, எப்ப கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. புதிதாக வந்த டாக்டர் அவரிடம், பிள்ளையின் தாய் ஏன் இவ்வளவு பொறுப்பில்லாமல் இருக்கிறாள் என்று சலித்துக்கொண்டார். "வந்துடுவாங்க டாக்டர்" என்றார் மிஸ்ஸி. நான் ஒரு ஃபைலைக் கொடுக்க வந்தவன், கொடுக்காமலே திரும்பிப் போய்விட்டேன்.

இப்படிப்பட்டவர்தான் மற்றவர்களின் பதிவேடுகளைத் திருத்த என் மேசைக்கு ஆளைப் பிடித்துக்கொண்டு வருவார். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தாலே எனக்குப் பயம். சலவை முனியாண்டிக்கு ஐந்து பிள்ளைகள். வரிப் பாரத்தில் ஒரு பிள்ளையையும் காட்டாமல் வருடக்கணக்காக வரி கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் படும் என்று அவர் மனைவி சொல்லியிருந்தாராம். மிஸ்ஸி அந்த அம்மாளிடமே போய், "அரசாங்கத்துக் கண்ணு படாது, பாப்பா. அதுக்குப் பார்வையே கிடையாது" என்று சொல்லிப் பத்திரங்களை வாங்கி வந்தார். முனியாண்டிக்குப் பணம் திரும்ப வந்தது. பாக்கியம் என்ற ஆயா இறந்தபோது, அவருடைய பார்வையில்லாத மகனுக்கு ஓய்வூதியத்தில் ஒரு பங்கு உண்டு என்று விதியைத் தேடிக் காட்டியவரும் மிஸ்ஸிதான். "மருந்தைக் கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சிடலாம் அண்ணே. பாரத்தைக் கண்ணைத் தொறந்துகிட்டுத்தான் குடிக்கணும்" என்பார். அவருடைய சொந்தப் பாரம் வரும்போது மட்டும் தனியாள் என்று நிரப்பி, தனியாள் வரியைக் கட்டிவிட்டுப் போவார். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். ஓய்வூதியப் பாரத்தில் சார்ந்தோர் என்று ஒரு கட்டம் உண்டு. பாக்கியத்தின் மகனுக்கு உதவிய அதே விதிதான். உழைக்க முடியாத பிள்ளை இருந்தால், பெற்றவள் போன பிறகும் அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் வந்துகொண்டிருக்கும். செல்லையாவுக்கு அப்போதே இரண்டு தடவை நெஞ்சுவலி வந்திருந்தது. மல்லிகாவுக்கு அந்தக் கட்டத்தை விட்டால் வேறு கதி இல்லை. மிஸ்ஸி பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்ஸி, நான் எழுதித் தரேன். தெரிஞ்சே தப்பா அடிச்சவன் நான்தான்னு கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

"உங்களுக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு அண்ணே. மூணு பிள்ளைங்க படிக்குதுங்க. ஒரு வீட்டு அடுப்பை அணைச்சி இன்னொரு வீட்டு அடுப்பை மூட்டலாமா?" என்றார். கட்டத்தை அப்படியே காலியாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

அவர் மறுத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலியும் நான் அடித்த இன்னொரு பொய்யாகிவிடும். நான் வற்புறுத்தவில்லை. நாலு வருடம் கழித்து நானும் ஓய்வு பெற்றேன். அப்போதாவது போயிருக்கலாம். ஓய்வூதியத்தையும் நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள், அதையும் நம்பினேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருக்கும் மிஸ்ஸியைப் பார்ப்பேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மல்லிகா இருப்பாள். "அடுத்த வருஷம் பார்ப்போம் மிஸ்ஸி" என்பேன். "ஆகட்டும் அண்ணே, மோர் குடிங்க" என்பார்.

செய்தி கேட்ட அன்று மிஸ்ஸியின் ஜெலுத்தோங் வீட்டுக்கு நாங்கள் பழைய ஆட்கள் எல்லோரும் போயிருந்தோம். சுமங்கலியாகப் போனவர் என்பதால் பட்டுச் சேலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தாலியை எடுத்து வெளியே போட்டிருந்தார்கள். எத்தனை வருடப் பழக்கம், கல்யாணத்தன்றைக்குப் பிறகு அந்தத் தாலியை நான் அன்றுதான் பார்த்தேன். முனியாண்டி வாய்விட்டு அழுதார். செல்லையா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரியங்கள் முடிந்த மறுநாள் நான் எழுதினேன். கல்யாணத்துக்குப் போனது, பாயசம் குடித்தது, பொய்யை அடித்தது, மல்லிகா யாருடைய மகள் என்பது, எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் டைப் அடித்தேன். தீவில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் போய் ஒரு சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். அந்த வயதிலும் எனக்கு வெட்கம் பார்க்கத் தெரிந்திருக்கிறது. ஓய்வூதியம் போனாலும் போகட்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் அதை ஓய்வூதிய அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

கூப்பிட்டு அனுப்பினார்கள். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், என் கடைசி மகள் வயது இருக்கும். இரண்டு பக்கத்தையும் முழுக்கப் படித்தாள். "பாக்சிக், திருத்தம் கேட்க வேண்டியது பதிவேட்டுக்கு உரியவர். அவர் இறந்துவிட்டாரே. பிறப்புப் பத்திரத்திலும் வேறு தாய் பெயர் இருக்கிறது. அவர் இருக்கும்போது வந்திருந்தால் ஏதாவது வழி பார்த்திருக்கலாம்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். பாக்சிக் என்றால் மாமா. சரி, பொய் எழுதிய என்னை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. "அந்த விதியே இப்போது இல்லையே பாக்சிக். வீட்டுக்குப் போங்கள்" என்றாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நாங்கள் எதற்குப் பயந்தோமோ அது அவ்வளவுதான். என் ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் ஜெலுத்தோங்குக்குப் போனேன். செல்லையா படுக்கையில் இருந்தார். மல்லிகா வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "மாமா, அம்மா பாரத்துல என் பேரைச் சேர்த்துட்டாங்களா?" என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். திரும்பவும் ஒரு பொய்.

மிஸ்ஸியின் நினைவாக என்னிடம் ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது. நான் அனுப்பிய அந்த வாக்குமூலத்தின் கார்பன் பிரதி. சரோஜாவின் மகள் மல்லிகா என்று எழுதி, கையெழுத்தும் போட்ட தாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். எந்த அலுவலகத்திலும் அது செல்லாது.