பால் குடித்த விரதம்

என் கணவருக்கு நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பு வந்தது. போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை முடிந்து வந்தவர், காலணியைக்கூடக் கழற்றாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். இப்போதும் அவர் இருமினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன்.

இந்த வயதிலேயே வந்திருப்பதால் பிள்ளைக்கும் ரத்தக் கொழுப்பைப் பார்த்துவிடுங்கள் என்றார்கள் மருத்துவமனையில். எங்களுக்கு ஒரே மகன். இருபத்துமூன்று வயது, ஃபுட்சால் பந்தாட்டம் ஆடுகிறவன், ஒல்லி. இவனுக்கு எங்கே கொழுப்பு என்றுதான் நினைத்தேன்.

கிள்ளானில் நாங்கள் பார்க்கும் டாக்டரம்மா, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். எங்கள் வீட்டில் வெறும் வயிறு என்றால் விரதம்; விரதத்துக்குப் பால் உண்டு. சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் கொடுத்து அனுப்பினேன்.

பரிசோதனை முடிவில் டிரைகிளிசரைடு, எல்டிஎல் என்ற இரண்டு கொழுப்புமே அதிகம். பால் கொடுத்ததைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார்.

"ஆன்டி, இது தைப்பூச விரதம் இல்ல லா. தண்ணி மட்டும்தான்."

"அப்ப பாலாலதான் கூடிப்போச்சா டாக்டர்?"

"டிரைகிளிசரைடு அதனால ஏறியிருக்கலாம். எல்டிஎல் ஒரு டம்ளர் பாலுக்கெல்லாம் இவ்வளவு ஏறாது. எதுக்கும் திரும்ப எடுத்துப் பாப்போம்."

இதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "எல்லாம் அந்தப் பால்தான்" என்று கணவரிடம் சொன்னேன். அவரும் நம்பினார்.

இரண்டாம் முறை மகன் தண்ணீர் மட்டும் குடித்துப் போனான். முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். டிரைகிளிசரைடு பாதியாக இறங்கியிருந்தது. எல்டிஎல் அசையவே இல்லை.

"இதுதான் ரத்தக் குழாய்ல படியறது," என்றார் டாக்டர். "அப்பா பக்கத்துலேர்ந்து வந்திருக்கும்னு நினைக்கிறேன். ஒல்லியா இருந்தாலும் வரும். சாப்பாட்டுல மட்டும் இறங்காது. இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா, அப்பாவுக்கு வந்த மாதிரி வராம இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு."

"எத்தனை மாசத்துக்கு டாக்டர்?"

"மாசக் கணக்கு இல்ல ஆன்டி. தொடர்ந்து சாப்பிடணும்."

காரில் ஏறியதும் மகன் சொன்னான்: "ம்மா, நீங்கதானே சொல்வீங்க, அப்பனோட கொழுப்பு அப்படியே இருக்குன்னு. இப்ப ரிப்போர்ட்லயே வந்துடுச்சு."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். பெல்ட்டைப் போடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தவன், தன் மாத்திரையை அப்பாவின் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் வைத்தான். கணவர் அந்தப் பெட்டியை எடுத்துப் பெயரைப் படித்தார். அவர் தினமும் போடுவதில் ஒன்று. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பால்னுதானே சொன்ன?" என்றார்.