இன்னொரு முக்கு

1. மூன்று தடவையும் நீலம்

மூன்றாவது தடவையும் அந்த ஸ்லைடு நீலமாகத்தான் வந்தது.

செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் பயாப்சி லேபில் முப்பத்தோரு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். வெட்டியெடுத்த சதையை மெழுகில் புதைத்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவது என் வேலை. ஹீமடாக்சிலின் என்ற சாயம் ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் நீலமாக்கும். ஈசின் மற்றதையெல்லாம் ரோஸாக்கும். நீலம் அதிகமாகப் பிடித்துவிட்டால் ஆசிட் ஆல்கஹாலில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் வெளுத்துவிடும்.

எங்கள் லேபில் ஒரு பழக்கம் இருந்தது. ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். ரோஸ் தெரியவில்லையா, டாக்டரைக் கேட்காமலே இன்னொரு முக்கு. கேட்டால், "இத்தனை வருஷத்துல சாயம்கூடப் போடத் தெரியலையா?" என்று திட்டு விழும். எனக்குத் திட்டு வாங்கப் பிடிக்காது.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. ஸ்லைடு ஏழுமலை என்பவருடையது. திருவிடந்தைப் பக்கம் கடலுக்குப் போகிறவர், வயது முப்பத்தாறு, பெருங்குடலில் கட்டி. சர்ஜன் வயிற்றைத் திறந்து பார்த்தார். கட்டியைச் சுற்றி நெறிக்கட்டிகள் நெல்லிக்காய் சைஸில் வரிசையாக வீங்கி நின்றன. அதில் ஒன்றையும், கட்டியில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு அப்படியே தைத்து மூடிவிட்டார். லேபுக்கு வந்து எங்கள் டாக்டர் மேடத்திடம் சொல்லிவிட்டும் போனார்.

"நோடு எல்லாத்துலயும் பரவிடுச்சு மேடம். ரிப்போர்ட் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிடுவேன். நோடுல கேன்சர் இல்லைன்னு நீங்க எழுதினாத்தான் மறுபடி திறப்பேன்."

ஆக, நோடு என்று அவர் சொன்ன அந்த நெறிக்கட்டியின் ஸ்லைடில்தான் ஒரு ஆளின் உயிர் இருந்தது.

அதே ராக்கில் இருந்த மற்ற ஆறு பேரின் ஸ்லைடுகளும் கச்சிதமாக ரோஸாக வந்திருந்தன. இது மட்டும் மை கொட்டினது போல. சாயத்தை வடிகட்டினேன். புதுப் பாட்டில் உடைத்தேன். "சனியனே, உனக்கென்ன கேடு வந்தது?" என்று பாட்டிலைத் திட்டிவிட்டு மறுபடி சீவினேன். அப்படியும் நீலம்தான். பகல் பதினொரு மணி, வெயில் மேஜை வரை வந்திருந்தது, ஆனாலும் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. சாயமும் கையும் நேரமும் ஒன்றுதான். இந்த ஒருவரின் சதை மட்டும் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

எரிச்சலில் ஆசிட் ஆல்கஹால் ஜாடியைத் திறந்தேன்.

2. ஜன்னலில் கன்னியம்மா

"நர்சம்மா!"

நான் நர்ஸ் இல்லை. அதை எத்தனை பேருக்குச் சொல்வது? ஜன்னலில் ஏழுமலையின் அம்மா கன்னியம்மா நின்றிருந்தார். மீன் விற்கிறவர். மூன்று நாளாக வராந்தாவில்தான் இருந்தார்.

"எம்புள்ளது இன்னாமா ஆச்சு? பாத்துட்டியா?"

"பாத்துகினுதான் இருக்கேன். சாயம் சரியா வரல. போய் உக்காருங்க."

அவர் முகம் வெளிறிப்போனது. "சாயம் வரலியா? ஐயையோ, பெரியவனுக்கும் இதத்தானமா சொன்னாங்க. இதே ஜன்னல்ல வச்சி."

"எந்தப் பெரியவன்?"

"இவனுக்கு மூத்தவன், முருகேசன். அவனுக்கும் வவுத்துலதான். தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க. சாயம் நல்லா இல்ல, ஒன்னியும் சொல்ல முடியலன்னு சீட்டு குடுத்தாங்க. வூட்டுக்கு இட்டுகினு போனோம். ஆறாம் மாசம் பூட்டான். அவங்கப்பனும் இப்டித்தான் போனாரு. இவன் ஒருத்தன்தாம்மா மிச்சம் கீறான்."

ஜாடியை மூடிவிட்டேன். பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். ஐந்து வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் முருகேசன் பெயர் இருந்தது. 'ஸ்டெயின் திருப்தியில்லை. மறுபடி அனுப்பவும்.' மறுபடி யாரும் அனுப்பவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பழைய ஸ்லைடுகளின் டிரேயில் அவருடைய ஸ்லைடு கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தது. லேபிளில் என் கையெழுத்து. ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு. அது என் குறி. இரண்டு முக்கு கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

கர்த்தரே, இது தற்செயலாக இருக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்டோரில் அவருடைய பிளாக்கைத் தேடினேன். மெழுகில் இருக்கும் சதை கெடாது. ஆள் போய் ஐந்து வருஷம் ஆகியும் அவருடைய நெறிக்கட்டியும் கூட ஒரு கட்டித் துணுக்கும் வைத்தது வைத்தபடி இருந்தன. அந்த பிளாக்கையும் தம்பியுடையதையும் சீவி, ஒரே ராக்கில் வைத்து, கடிகாரம் பார்த்துச் சாயம் போட்டேன். கூடுதல் முக்கு கொடுக்கவில்லை. இரண்டையும் ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன்.

இரண்டும் ஒரே நீலம். லேபிளை மறைத்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. ஒருவர் மேல்மாடி வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார், மற்றவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

3. கலையாத கூட்டம்

மேடத்திடம் போய் பென்சில் கோடு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலை தூக்கவே இல்லை.

"எஸ்தர், இது சாயக் கோளாறு இல்ல. நீங்களே பாருங்க."

பார்த்தேன். கடுகு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினது போல முழுக்க நீலப் புள்ளிகள்.

"லிம்போசைட். நோயை எதிர்க்கிற செல்லு. அதுல முக்கால்வாசி உட்கருதான், அதனாலதான் இவ்வளவு நீலம். நோடு பூரா இதுதான். கேன்சர் செல்லு ஒண்ணுகூட இல்ல. கேன்சர் பரவி வீங்கல, இதுங்க பெருகித்தான் வீங்கியிருக்கு."

பிறகு கட்டியின் துண்டைக் காட்டினார். கேன்சர் செல்களின் எல்லையில் நீலப் புள்ளிகள் கும்பல் கும்பலாக வளைத்து நின்றன. சில உள்ளேயே நுழைந்து, ஒவ்வொரு கேன்சர் செல்லுக்கும் பக்கத்தில் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. எதுவும் அசையவில்லை. ஓடி வந்தவர்கள் ஓடின நிலையிலேயே நின்றுபோனது போல இருந்தது. அண்ணன் ஸ்லைடில் கட்டித் துணுக்கு இருந்த இடத்திலும் அதே வளையம். ஆள் போய்விட்டார், அவருக்காக வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

"இவ்வளவு வந்தும் ஏன் மேடம் கட்டி அழியல?"

"வளைச்சுப் பிடிச்சிடுது, முழுசா முடிக்க முடியல. கட்டியை நாம எடுத்துட்டா மிச்சம் மீதியை இந்த செல்லுங்களே பாத்துக்கலாம். கேரண்டி இல்ல. ஆனா இவரை வீட்டுக்கு அனுப்புறது பாவம்."

சர்ஜன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் கையால தொட்டுப் பாத்தேன் மேடம், நெல்லிக்காய் மாதிரி!" என்றார்.

"கைக்கு வீக்கம்தான் சார் தெரியும், உள்ள யார் இருக்காங்கன்னு தெரியாது" என்றார் மேடம்.

அடுத்த வாரம் மறுபடி திறந்து கட்டியை வெட்டி எடுத்தார்கள். கூட வந்த எல்லா நெறிக்கட்டியையும் நான்தான் சீவினேன். எல்லாமே நீலம், ஒன்றில்கூடக் கேன்சர் இல்லை. சில குடும்பங்களில் செல் தன் பிழையைத் திருத்திக்கொள்ளும் சக்தி பரம்பரையாகக் குறைந்திருக்கும், அவர்களுக்கு வரும் கேன்சரின் செல்கள் தப்பும் தவறுமான புரதம் செய்யும், அதனாலேயே உடம்பு அவற்றை அந்நியன் என்று சீக்கிரம் கண்டுகொள்ளும் என்று பின்னால் மேடம் படித்துச் சொன்னார்.

4. மீன் பை

ஒரு மாதம் கழித்துக் கன்னியம்மா ஒரு பை நிறையச் சங்கரா மீனோடு வந்தார். "நர்சம்மா, புள்ள எயுந்து நடக்குறான். இந்தா, உனக்குத்தான்."

என்னால் கை நீட்ட முடியவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மீனைக் குழம்பு வைத்துத் தின்ன எனக்குத் துணிச்சல் இல்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். பெரிய மகன் முருகேசனின் ஸ்லைடை வெளுக்கவைத்தது நான்தான், அன்றைக்குச் சரியாகப் பார்த்திருந்தால் அவரும் பிழைத்திருக்கலாம் என்றேன்.

அவர் மீன் பையைக் கீழே வைத்தார். பிறகு, "அவன் எங்க கீறான்? காட்டு" என்றார்.

மைக்ராஸ்கோப்பில் முருகேசனை வைத்தேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"இந்த நீலமெல்லாம் இன்னா?"

"அவரைக் காப்பாத்த அவர் உடம்புலேர்ந்து வந்ததுங்கம்மா."

"இத்தினி பேரா? எம்மா... நான் ஒருத்திதான் அவனுக்காவ நின்னுகினு இருந்தேன்னு நெனச்சேனே." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ எல்லாரையும் கழுவி வுட்டுட்ட."

மீன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஜன்னலுக்கு அதன்பிறகு அவர் வந்ததே இல்லை.

ஏழுமலை வருஷா வருஷம் குழாய் விட்டுக் குடலைப் பரிசோதிக்க வருவார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் கூடவே ஒரு பெண்ணையும் கூட்டி வந்தார். முருகேசனின் மகள், மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். அவள் குடலில் சின்னதாக ஒரு வளர்ச்சி இருந்து, அதை எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். ஏழுமலை ஜன்னலில் தயங்கி நின்றார்.

"இன்னா ஏழுமலை?"

"அம்மாதான் இவள இட்டுகினு போவச் சொல்லிச்சு. உங்க கையாலயே செய்யணுமாம்." அவருக்கு அதற்கு மேல் சொல்லச் சங்கடமாக இருந்தது. "கழுவாம பாக்கச் சொல்லிச்சு."

நான் கழுவவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை, வந்தபடியே மேடத்தின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். கேன்சராக மாறும் முன்பே எடுத்துவிட்டார்கள் என்று ரிப்போர்ட் போனது.

இப்போது லேபுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஸ்லைடு நீங்கள் நினைத்த நிறத்தில் வராவிட்டால் முதலில் கொண்டுபோய்க் காட்டுங்கள். திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதற்குப் பயந்துதான் அந்த இரண்டு கோட்டைப் போட்டேன்.