ஐந்தாவது பறவை

அலுவலகத்தில் அவளைக் கிசுகிசு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலி இல்லை, குரல் அப்படி. பதினோரு வருஷம் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புகார் சொல்கிறவர்களுக்கெல்லாம் சமாதானம் சொல்லிச் சொல்லித் தொண்டையில் கட்டி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. மிஞ்சியது காற்று கலந்த முணுமுணுப்புதான். பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

அதற்குப் பிறகு கிடைத்த வேலை இது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், மொத்தமே ஒன்பது பேர் இருக்கிற கம்பெனி. மிருகக்காட்சிசாலை கட்டுகிற வீடியோ கேம் செய்கிறார்கள். விளையாடுகிறவர் கூண்டு கட்டி, பாதை போட்டு, மரம் நட்டு, மிருகங்களைக் கொண்டுவந்து வளர்க்க வேண்டும். திரையில் பொடிப்பொடி மனிதர்களாகப் பார்வையாளர்கள் வருவார்கள். பிடித்திருந்தால் தலைக்கு மேல் ஒரு இதயம் மிதக்கும். பிடிக்காவிட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். விளையாடுகிறவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் போடுவது அவள் வேலை. ‘என் யானை சுவருக்குள் மாட்டிக்கொண்டு மூன்று நாளாகிறது’ என்று ஒருவர் பதறி எழுதுவார். இவளும் அதே பதற்றத்தோடு விசாரித்துப் பதில் எழுதுவாள். யானை வெளியே வந்ததும் அந்த ஆள் நன்றி சொல்லி எழுதினால், அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும்.

அந்த கேமில் அதுவரை பறவையே இல்லை. கடிதம் எழுதுகிறவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிறகு, ஐந்து பறவைகளைச் சேர்ப்பது என்று முதலாளி முடிவு செய்தார். நான்கை ஓட்டெடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள். பூநாரை, பஞ்சவர்ணக்கிளி, நெருப்புக்கோழி, வெள்ளை ஆந்தை.

“அஞ்சாவது நீங்க சொல்லுங்கக்கா. ஜனங்க மனசு உங்களுக்குத்தான் தெரியும்” என்றார் முதலாளி.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நூலகத்திலிருந்து நான்கு தடித்த புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையைப் பறவைகளால் நிரப்பிவிட்டாள். தூக்கணாங்குருவி மேல் கொள்ளை ஆசை, ஆனால் திரையில் கடுகளவு தெரியும், யார் பார்ப்பார்கள்? கூழைக்கடா நல்ல பறவைதான், ஆனால் அலுவலகத்தில் உருவங்களுக்கு எலும்புக்கூடு செய்து அசைய வைக்கிற மனிதர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் எலும்பண்ணன், அவர் முன்கூட்டியே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “அலகுக்குக் கீழ தொங்குதே ஒரு பை, அது ஆடறதுக்கு மட்டும் எனக்கு ஒரு மாசம் ஆகும்மா. வேற ஏதாவது பாரு.”

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தில் இருவாச்சி என்ற, பெரிய அலகுக்கு மேல் கொம்பு வைத்த பறவையின் பக்கத்துக்கு வந்து நின்றாள். படித்தவள் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அடிக்குழியில் நின்று எட்டாவது மாடிக்குக் கத்திப் பழகிய குரல், வீட்டிலும் அப்படித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் அவள் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அந்த மனிதரும் இரண்டு மாதம் கிசுகிசுவென்றே பேசினார். “அவங்கதானே பேசக்கூடாது, உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோதும் அவர் கிசுகிசுப்பை விடவில்லை.

“என்ன, அந்தப் பக்கத்தையே பாத்துட்டு இருக்க?” என்றார் கணவர்.

அவர் காதருகே போய்ச் சொன்னாள். “முட்டை போடற சமயத்துல பொம்பளைப் பறவை மரப்பொந்துக்குள்ள போயிடுமாங்க. வாசலைப் பூசி அடைச்சுக்கும். அலகு நுழையற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். மூணு மாசத்துக்கு மேல வெளிய வராது.”

“அப்போ சாப்பாடு?”

“ஆண் பறவை கொண்டு வரும். அத்திப்பழம்.”

“தினமுமா?”

“தினமும். பல தடவை.”

“லீவே கிடையாதா?” என்று கேட்டவர், புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதையே போடு. நல்ல பையனா இருக்கான்.”

புதன்கிழமை காலை கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஏ.சி. வேறு பழைய டிராக்டர் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு தடவை வாயெடுத்தாள், ஒருவர் காதிலும் விழவில்லை. முதலாளி எழுந்து போய் ஏ.சி.யை அணைத்தார். அறை சட்டென்று அடங்கியது. வேர்க்க வேர்க்க எட்டுப் பேரும் மேஜை மேல் சாய்ந்து அவள் சொல்வதைக் கேட்டார்கள்.

அவள் முடித்ததும் முதல் அடி எலும்பண்ணனிடமிருந்துதான் வந்தது. “ஏம்மா, கூண்டு கட்டிப் பறவையை விட்டா, அது போய் மரத்துக்குள்ள ஒளிஞ்சுக்கும்னா எப்படி? பாக்க வர்றவன் மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போகமாட்டானா?”

“நானும் அதைத்தான் யோசிக்கிறேன்” என்றார் முதலாளி. “காணாமப் போறதுக்குன்னே ஒரு பறவையைச் சேர்க்கணுமா?”

“காணாமப் போகாதுங்க, உள்ளதான் இருக்கும்” என்றாள் அவள். பிறகு எலும்பண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, உள்ள இருக்கற வரைக்கும் பொம்பளைப் பறவைக்கு அலகு நுனி மட்டும் அசைஞ்சாப் போதும்.”

எலும்பண்ணன் விரலால் மேஜையில் ஏதோ கணக்குப் போட்டார். “அலகு நுனி மட்டுமா?”

“நுனி மட்டும்.”

“அரை நாள் வேலை” என்றார் அவர். குரலில் இருந்த முறுக்கு தளர்ந்துவிட்டது. “ஆண் பறவைய நான் பிரமாதமாப் பறக்க வைக்கிறேன். பாக்கறவன் அதைப் பாக்கட்டும்.”

இரண்டு மாதம் வேலை நடந்தது. முதல் சோதனை அன்று ஒன்பது பேரும் ஒரே திரை முன்னால் கூடினார்கள். பெண் பறவை பொந்துக்குள் போனது, வாசல் அடைபட்டது, அலகு நுனி எட்டிப் பார்த்தது. ஆண் பறவை கம்பீரமாகச் சிறகை விரித்து, அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு பறந்து, மரத்தைத் தாண்டி, கூண்டைத் தாண்டி, நேராக ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடம் போய் ஊட்டியது. அவரும் வாங்கிக்கொண்டார். திரும்பிப் போய் இன்னொரு பழம் கொண்டுவந்தது. எலும்பண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். சத்தமே வராத சிரிப்பில் கிசுகிசு அக்காவுக்குக் கண்ணீர் கொட்டியது. கோளாறைச் சரிசெய்ய ஒரு வாரம் பிடித்தது.

பறவைகள் வெளியானதும் கடிதங்கள் குவிந்தன. பூநாரைக்கு ஏகப்பட்ட பாராட்டு. இருவாச்சிக்கு வந்ததெல்லாம் புகார். ‘என் பெண் பறவையைக் காணவில்லை.’ ‘செத்துவிட்டதா?’ ‘திருடு போய்விட்டதா?’ முதல் நாளே நாற்பத்து மூன்று. முதலாளி அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்து நாற்பத்து மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினாள். உள்ளேதான் இருக்கிறது, மரத்தின் கீறலைப் பாருங்கள், ஆண் பறவைக்குப் பக்கத்தில் அத்திமரம் நட்டுக் கொடுங்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று.

விளையாட்டுக் கணக்கில் மூன்று மாதம் என்பது நிஜத்தில் நான்கைந்து நாள்தான். அந்த வாரக் கடைசியில் கடிதங்களின் பேச்சு மாறியது. ஒருவர் மரத்தைச் சுற்றியிருந்த பாதையையே பெயர்த்துவிட்டாராம், ஜனங்களின் சத்தம் தாய்ப்பறவைக்கு ஆகாது என்று. பல் டாக்டரான ஒரு பெண், ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் போனை எடுத்து அலகு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார். கடிதத்தை அவர் இப்படி முடித்திருந்தார்: ‘பொந்துக்கு எதிரில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன். யாரும் உட்காருவதில்லை. பரவாயில்லை, ஆண் பறவைக்கு ஒரு துணை மாதிரி இருக்கட்டும்.’

அவள் அந்தக் கடிதத்தை அச்செடுத்து எலும்பண்ணன் மேஜையில் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தூசி” என்றார்.

ஐந்து பறவைகளில் இருவாச்சி கடைசி இடம்தான் பிடித்தது. முதலிடம் பூநாரைக்கு, அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் நீளமான கடிதங்களெல்லாம் இருவாச்சிக்குத்தான் வந்தன.

குஞ்சுகள் வெளியே வந்த மறுநாள் ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுதியிருந்தாள். ‘உங்கள் குஞ்சு தப்பு. அலகுக்கு மேலே பெரிய கொம்பு இருக்கிறது. குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும்.’ கிசுகிசு அக்கா புத்தகத்தைப் புரட்டினாள். அந்தச் சிறுமி சொன்னது சரி. பெரிய பறவையின் உருவத்தையே சிறிதாக்கிக் குஞ்சு என்று விட்டிருந்தார்கள், எல்லாவற்றையும் குறித்துவைத்தவள் இதை மட்டும் கோட்டை விட்டிருந்தாள்.

தயங்கித் தயங்கி எலும்பண்ணனிடம் போய் நின்றாள். “அண்ணே, தப்பு என்னோடதுதான். குஞ்சுக்குக் கொம்பு வராது.”

“இப்ப வந்து சொல்றியே தாயே!” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். “உட்காரு. மூக்கு எப்படி இருக்கணும்னு காட்டு.”

அவள் உட்கார்ந்தாள். அவர் ஏ.சி.யை அணைத்துவிட்டு, அவள் பக்கம் காதைச் சாய்த்து, கொம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கத் தொடங்கினார்.